வேலிகாத்தான் முள்ளும் அரவை மெஷினும்: குழுக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களாக எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சேமிப்பு, சந்தா, கடன் வசூல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி வருகிறது. "முள்ளை அரைச்சுத் தூளாக்குற மெஷினாமே, அதை நம்ம குழுவுக்கு வாங்கலாமா மேடம்?" நல்ல கேள்விதான். ஆனால் "வாங்கலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற கோடையில் நடந்தது

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிக்குத் தண்ணீர் வரும் வரவுக் கால்வாய் முழுக்க வேலிகாத்தான் முள். மூன்று குழுக்கள் சேர்ந்து, ஊராட்சியில் அனுமதி வாங்கி, அதை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கனமான கட்டை விறகுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த முள் கிளைகளை அரைக்க டிராக்டரில் ஓடும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் பகல் 11 மணி இருக்கும். ஒரு அக்கா கிளையைத் தூக்கி மெஷின் வாயில் வைத்தார். கிளையின் பின்பக்க முள் அவர் முந்தானையில் மாட்டியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மெஷின் கிளையை இழுத்தது, கிளை முந்தானையை இழுத்தது. அக்கா இரண்டு அடி முன்னால் போய்விட்டார். கட்டியிருந்தது பழைய நூல் சேலை. இழுத்த இழுப்பில் அது கிழிந்து கொடுத்தது. அவர் பின்னால் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அதுவே பாலியஸ்டர் சேலையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. பட்டு நூலின் பலம் பற்றிக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதில் தவறு அந்த அக்காவுடையது இல்லை, எங்களுடையது. மெஷினைக் கொண்டுவந்தவர் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார். நாங்களும் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டோம். ஓட்டுவது எப்படி என்று காட்டினோமே தவிர, எப்படி உடுத்துவது, எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஊரில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. "பொம்பளைங்களுக்கு மெஷின் வேலை சரிப்படாது. ஆம்பளைங்க ஓட்டட்டும், நீங்க முள்ளை மட்டும் தூக்கிக் கொடுங்க" என்றார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மெஷினில் ஆபத்து டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. வாய்ப் பக்கம் நின்று கிளையைக் கொடுப்பவருக்குத்தான் ஆபத்து. முள்ளைத் தூக்கிக் கொடுப்பது நம் வேலை என்றால், ஆபத்து முழுவதும் நமக்கு, மெஷினைப் பற்றிய விவரம் மட்டும் வேறொருவருக்கு. இது எந்த ஊர் பாதுகாப்பு?

ஆகவே, யார் ஓட்டினாலும் சரி, மெஷின் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு உறுப்பினரும் அதைப் பற்றி முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அன்று பக்கத்தில் வரக்கூடாது.

வேலிகாத்தான் ஏன் இவ்வளவு தொல்லை?

சீமைக் கருவேலம் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதுவதைத்தான் நம் பக்கத்தில் வேலிகாத்தான் என்கிறோம். இது நம் நாட்டு மரம் இல்லை. அமெரிக்கக் கண்டத்து வறண்ட பகுதிகளில் இருந்து 1870களில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்றுதான் பரப்பினார்கள். அடுப்பு எரிய உதவியது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஆடு மாடு காயைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைத்து, ஏரி, கால்வாய், தரிசு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு, இப்படி வெளியிலிருந்து வந்து பரவும் செடிகளை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது.

நமக்கு இது புது வேலையும் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,100 ஆண்டுக்கு முந்தியது. குடவோலை முறை பற்றிப் பேசும் அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழுவே சொல்லப்பட்டிருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே குழு வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

வெட்டும் முன்னால் மூன்று விஷயம்

ஒன்று, அனுமதி. ஏரி, கால்வாய், புறம்போக்கில் இருக்கும் மரம் அரசுக்குச் சொந்தம். முள்தானே என்று வெட்டக்கூடாது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்கி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

இரண்டு, எந்த மரம் என்று பாருங்கள். நம் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடக்கூடாது. நாட்டுக் கருவேலம் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கி இருக்கும். வேலிகாத்தான் பூ அணில் வால் மாதிரி நீளமாகத் தொங்கும், காய் ஒடுக்கம் அவ்வளவாக இல்லாமல் பட்டையாக, பழுத்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

மூன்று, வேர். மேலே வெட்டி மேலே அரைத்தால் பாதி வேலைதான். அடிக்கட்டையில் இருந்து மறுபடியும் கொத்தாகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒரு அடி ஆழமாவது தோண்டி அடிவேரோடு எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒருமுறை போய், புதிதாக முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம், நம் கை போதும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் கால்வாய் திறந்திருக்க வேண்டும். சித்திரையில் இருந்து ஆடிக்குள் வேலையை முடிப்பது நல்லது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

மாட்டுக்குத் தீவனம் நறுக்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான், பலம் மட்டும் பல மடங்கு. உள்ளே கனமான உருளை அல்லது வட்டத் தட்டு சுற்றும். அதில் கத்திகள் முடுக்கியிருக்கும். எதிரில் அசையாத ஒரு கத்தி இருக்கும். கிளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிச் சில்லு சில்லாக நறுங்கும். கிளையைக் கொடுக்கும் பக்கத்தை வாய் என்கிறோம். சில்லு வெளியே வரும் பக்கம் துப்புக் குழாய்.

சில மெஷினுக்குச் சொந்த டீசல் என்ஜின் இருக்கும். சிலது டிராக்டரின் பின்பக்கம் சுற்றும் தண்டில் ஓடும். அதை பி.டி.ஓ. தண்டு என்பார்கள். அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. தார்க்குச்சியில் ஊடைப் பட்டு எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முந்தானையோ பின்னலோ அந்தத் தண்டில் பட்டால் அப்படித்தான் சுற்றிக்கொள்ளும். நாம் "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தண்டின் மேல் பிளாஸ்டிக் மூடி இல்லாத மெஷினை வாடகைக்குக்கூட எடுக்காதீர்கள். "மூடி உடைஞ்சு போச்சு, பரவாயில்ல" என்று யார் சொன்னாலும் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று. என்ஜினை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் உருளை உடனே நிற்காது. கனம் அதிகம் என்பதால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கியதும் "நின்னுடுச்சு" என்று கை விட்டவர்கள்தான் விரலை இழந்திருக்கிறார்கள்.

உடுத்தும் முறை

அந்தக் கிராமத்தில் பிறகு உறுப்பினர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது:

- மெஷின் பக்கத்தில் சேலை வேண்டாம். துப்பட்டா இல்லாத சுடிதார், அல்லது பேன்ட், அதன் மேல் முழுக்கைச் சட்டை. கைப் பட்டனையும் போட்டுக்கொள்ள வேண்டும்.
- கூச்சமாக இருக்கிறது என்று சேலையில்தான் வருவேன் என்பவர், வெட்டுவது, தூர நின்று குவிப்பது ஆகிய வேலைகளைப் பார்க்கலாம். மெஷினுக்கு 15 அடி தூரத்தில் நிற்க வேண்டும்.
- பின்னலைக் கொண்டையாகப் போட்டு, மேலே துணி கட்ட வேண்டும்.
- வளையல், தொங்கும் கம்மல், மெட்டி மேல் மாட்டிய கொலுசு எல்லாம் வீட்டில். தாலிச் சரட்டைக் கழற்றச் சொல்லவில்லை. சட்டைக்குள்ளே போட்டு மேல் பட்டனை மாட்டிக்கொண்டால் போதும்.
- கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காதடைப்பான், காலுக்கு மூடிய ஷூ. ரப்பர் செருப்பில் வேலிகாத்தான் முள் சுலபமாக ஏறிவிடும்.
- கையுறை கையோடு ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அதையே முள் பிடித்து இழுக்கும்.

முதல் நாள் சட்டை போட்டபோது சிரித்தார்களாம். மூன்றாம் நாள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "சிரிப்பு மூணு நாளைக்கு, கை ஆயுசுக்கு" என்றார் அந்தக் குழுவின் பிரதிநிதி.

மூன்று பேர், மூன்று வேலை

மெஷினைத் தனி ஆள் ஓட்டக்கூடாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

முதல் ஆள் கிளை எடுத்துத் தருபவர். குவியலில் இருந்து எடுக்கும்போதே கம்பி, கயிறு, பிளாஸ்டிக், கல் இருக்கிறதா என்று பார்த்து உதற வேண்டும். இரவு முழுக்கக் கிடந்த குவியலில் பாம்பு இருக்கலாம். முதலில் நீளக் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

இரண்டாவது ஆள் வாயில் கொடுப்பவர்.

மூன்றாவது ஆள் நிறுத்துபவர். இவர் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. நிறுத்தும் விசைக்குப் பக்கத்தில் நின்று, கொடுப்பவரின் கையையும் துணியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு கூலியா?" என்று கேட்பார்கள். ஆமாம், சும்மா நிற்பதற்குத்தான் கூலி. சென்ற கோடையில் அந்த இடத்தில் ஆள் இல்லை.

சத்தத்தில் கத்தினால் கேட்காது. கையை உயர்த்தினால் நிறுத்து என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அசதியில்தான் விபத்து வரும்.

ஓட்டும்போது

1. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். துப்புக் குழாய் ஆள், வீடு, ரோடு பக்கம் பார்க்கக் கூடாது.
2. காலியாக ஓட்டி, முழு வேகம் வந்த பிறகுதான் முதல் கிளையைக் கொடுக்க வேண்டும்.
3. கிளையின் அடிப்பக்கத்தை முதலில் கொடுங்கள். பக்கக் கிளை விரிந்து மாட்டினால் அரிவாளால் கழித்துவிட்டுக் கொடுங்கள்.
4. வாய்க்கு நேராக நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, மெஷின் பிடித்த உடனே கிளையை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வாருங்கள்.
5. சின்னத் துண்டுகளைக் கையால் தள்ளாதீர்கள். காலால் உதைக்கவே கூடாது. நீளக் கிளை ஒன்றை வைத்துத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். உள்ளே போனால் கத்தி உடைந்து சிதறும்.
6. வேரோடும் மண்ணோடும் கொடுக்காதீர்கள். மண் பட்டால் கத்தி மழுங்கும்.
7. புத்தகத்தில் எத்தனை அங்குலம் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் தடிமன் கொடுக்காதீர்கள். வேலிகாத்தான் கட்டை வைரம் பாய்ந்தது. காய்ந்தால் இன்னும் கடினம். வெட்டிய சில நாளுக்குள் பச்சையாக இருக்கும்போதே அரைப்பது கத்திக்கும் என்ஜினுக்கும் நல்லது.

அடைத்துக்கொண்டால் அவசரப்படாதீர்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். டிராக்டர் மெஷின் என்றால் தண்டைக் கழற்றுங்கள். உருளை முழுசாக நின்றதைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகும் குச்சியால்தான் எடுக்க வேண்டும். சாவி பையில் இல்லாமல் கை உள்ளே போகக்கூடாது. இது ஒன்றை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள்.

அடிபட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. முள் ஆழமாக ஏறினால், குறிப்பாக மூட்டுப் பக்கம் என்றால், வீட்டு வைத்தியத்தோடு விடாமல் ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

தறி வைத்திருக்கும் வீட்டில், உட்காரும் முன்னால் பாவு தளர்ந்திருக்கிறதா, நாடா சரியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் யாரும் நெய்ய மாட்டார்கள். மெஷினுக்கும் அதே பழக்கம்தான் வேண்டும்.

தினமும் ஓட்டும் முன்:
- என்ஜின் ஆயில் அளவு பாருங்கள். குறைந்தால் ஊற்றுங்கள்.
- காற்று வடிகட்டியைத் தட்டித் தூசியைப் போக்குங்கள். இந்த வேலையில் தூசி அதிகம். வடிகட்டி அடைத்தால் கரும்புகை வரும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.
- எல்லா போல்ட்டும் முடுக்கமா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். முக்கியமாகக் கத்தி போல்ட்.
- பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா பாருங்கள்.
- டீசலை என்ஜின் சூடாக இருக்கும்போது ஊற்றாதீர்கள்.

தினமும் ஓட்டிய பின்:
- உள்ளே, துப்புக் குழாயில், என்ஜின் மேல் ஒட்டிய சில்லு, தூள் எல்லாம் துடைத்தெடுங்கள். ஈரத்தூள் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். காய்ந்த தூள் சூடான என்ஜினில் தீப்பிடிக்கும்.
- பேரிங்குக்கும் தண்டின் மூட்டுக்கும் கிரீஸ் அடியுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது புத்தகத்தில் இருக்கும்.

கத்திதான் மெஷினின் உயிர். மழுங்கியதற்கு மூன்று அடையாளம் உண்டு. சில்லு துண்டாக வராமல் நார் நாராக வரும். கிளை தானாக உள்ளே போகாமல் நாம் தள்ள வேண்டி வரும். மெஷின் அதிகமாக உதறும். இப்படி ஆனதும் நிறுத்திவிடுங்கள். மழுங்கிய கத்தியில் நாம் தள்ளத் தொடங்குகிறோம், அங்கேதான் கை வாய்க்குக் கிட்டே போகிறது. ஆகவே சாணை பிடிப்பது செலவுக் கணக்கு மட்டும் இல்லை, கைக்கான பாதுகாப்பு.

எல்லாக் கத்தியையும் ஒன்றாகக் கழற்றி, ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும். ஒன்றை மட்டும் தேய்த்தால் எடை மாறி உருளை ஆட்டம் போடும். திருப்பி மாட்டும்போது எதிர்க்கத்திக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் புத்தகத்தில் உள்ளபடி வைக்க வேண்டும். கத்தி போல்ட் போய்விட்டால் கடையில் கிடைக்கிற சாதா போல்ட்டைப் போடாதீர்கள். அதே தரம்தான் வேண்டும். டிராக்டர் தண்டில் பளு அதிகமானால் உடைவதற்கென்றே ஒரு போல்ட் சில மெஷினில் இருக்கும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட் போட்டால், போல்ட்டுக்குப் பதில் மெஷின் உடையும்.

அரைத்த சில்லை என்ன செய்வது?

முதலில் ஒரு விஷயம். விறகாக விற்கும் கட்டையை அரைக்காதீர்கள். மணிக்கட்டு தடிமனுக்கு மேல் உள்ளதைச் சாயப்பட்டறைக்காரரோ, ஓட்டல்காரரோ, சூளைக்காரரோ விறகாக வாங்கிக்கொள்வார். டீசல் செலவழித்து அதைச் சில்லாக்கி விலையைக் குறைக்க வேண்டாம். யாரும் வாங்காமல் ஏரியிலேயே போட்டுக் கொளுத்தும் முள் கிளைக்குத்தான் மெஷின்.

சில்லை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போடலாம். மூன்று நான்கு விரற்கடை உயரம் போதும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரம் காக்கும், களை குறையும். பச்சைச் சில்லை மண்ணோடு கலந்து உழாதீர்கள். அது மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளாகும். சாணமும் பச்சைத் தழையும் கலந்து குவித்து, ஈரம் காயாமல் புரட்டி, பல மாதம் மக்கவிட்டால் எருவாகும்.

காய் உள்ள கிளையை அரைத்த சில்லை நிலத்தில் போடவே கூடாது. மெஷினில் தப்பிய விதை முளைத்து, ஏரியில் ஒழித்த முள்ளை நாமே நம் கொல்லையில் வளர்த்த மாதிரி ஆகும். அதை எரிக்க மட்டும் கொடுங்கள். சில்லு சாதா அடுப்பில் காற்று போகாமல் புகையும். அடியில் கம்பித் தட்டு உள்ள அடுப்புக்கும் பாய்லருக்கும்தான் சரி. பச்சைச் சில்லை ஆள் உயரத்துக்குக் குவித்து வைக்காதீர்கள். உள்ளே தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

வாங்குவதா, வாடகைக்கா?

கணக்குப் புரிவதற்காக நாங்களே போட்ட தொகை இது. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு:

- டீசல் 2 லிட்டர்: ரூ.190
- மூன்று பேர் கூலி: ரூ.180
- கத்தி சாணை (10 மணி நேரத்துக்கு ரூ.600 என்றால்): ரூ.60
- ஆயில், கிரீஸ்: ரூ.20
- பழுதுக்கு ஒதுக்குவது: ரூ.50
- கடன் தவணை (மாதம் ரூ.6,000, மாதம் 40 மணி நேர வேலை என்றால்): ரூ.150

மொத்தம் ரூ.650. "பக்கத்து ஊர்ல 600 வாங்குறாங்க, நாமும் அதே வாங்குவோம்" என்றால் மணிக்கு ரூ.50 நஷ்டம், மாதத்துக்கு ரூ.2,000. மாதம் 20 மணி நேரம்தான் வேலை கிடைத்தது என்றால், தவணை மட்டும் மணிக்கு ரூ.300 ஆகி, மொத்தம் ரூ.800 ஆகிவிடும். மெஷின் சும்மா நின்றாலும் தவணை நிற்காது.

எனவே எங்கள் யோசனை, முதல் ஒரு கோடைக்கு வாடகைக்கு எடுங்கள். எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அதைப் பார்த்து வாங்குவதை முடிவு செய்யுங்கள். ஒரு குழு தனியாக வாங்குவதை விட ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலம் வாங்கினால் வேலை நாள் கூடும். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் இயந்திரங்களுக்கு மானியம் உண்டு. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் விதி இருக்கிறது. எந்த மெஷினுக்கு, எவ்வளவு உச்சவரம்பு, இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்பதை அந்தத் துறையின் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள். "மானியம் வந்துடும், முதல்ல முன்பணம் கட்டுங்க" என்று வெளியாள் சொல்வதை நம்பாதீர்கள்.

மெஷினுக்கும் ஒரு நோட்டு

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் மாதிரி மெஷினுக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, யார் யார் நின்றார்கள், டீசல், கிரீஸ், கத்தி தீட்டிய நாள், வசூலான தொகை. பழுதுத் தொகையைத் தனியாக வங்கியில் போடுங்கள், உள்கடனுக்கு எடுக்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழகாதவர் யார் கேட்டாலும், சொந்தக்காரராக இருந்தாலும், சாவி தரக்கூடாது.

அந்தக் கிராமத்தில் வேலை நிற்கவில்லை. ஒரு வாரம் நிறுத்தி, பயிற்சியை ஒழுங்காக மறுபடியும் கொடுத்து, பிறகு ஆரம்பித்தோம். மூன்று குழுவிலும் சேர்த்து எட்டுப் பேர் பழகியிருக்கிறார்கள். சேலை கிழிந்த அக்காவை, "இனிமே மெஷின் பக்கம் வர மாட்டீங்கதானே?" என்று கேட்டோம். "வருவேன். ஆனா நிறுத்துற விசைகிட்டதான் நிப்பேன். அடுத்தவ முந்தானை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். இப்போது அந்த இடத்தில் அவர்தான் நிற்கிறார்.

உங்கள் ஊராட்சியில் இந்தப் பயிற்சி வேண்டும் என்றால் கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள். இந்தத் தடவை அரைமணி நேரம் இல்லை, முழுசாக இரண்டு நாள் வருகிறோம். சட்டையும் கையுறையும் தயாராக வைத்திருங்கள்.